கீழ்வாய் இலக்கமும் வகுப்பறைப் படமும்: தமிழ்ப் பிள்ளைகள் பின்னம் கற்ற வரலாறு

தொடக்கப்பள்ளிக் கணிதத்தில் ஒரு சிறு பகுதியையே இவ்வுரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்கின்றோம். அது பின்னம். மொழி வளர்க்கும் மன்றத்துக்குக் கணிதப் பாடத்தோடு என்ன தொடர்பு என்று வினவுவோர் இருக்கலாம். ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் முதலாம் ஆண்டுப் பிள்ளை அரையையும் காலையும் தமிழில் கற்கின்றது. ஆறாண்டு கழித்து இடைநிலைப்பள்ளியில் அதே பொருளை மலாய் மொழியில் தொடர்கின்றது. இடையே ஒரு தலைமுறைக்கு அப்பாடம் ஆங்கிலத்திலும் நடந்தது. ஆகவே பின்னத்தை எந்தச் சொல்லால் சொல்வது என்பது நம் ஆசிரியர்க்கு நாள்தோறும் எழும் கேள்வி. வட்டமும் பட்டையும் வரைந்து காட்டினால் போதும், சொல் எதுவாயினும் ஆகும் என்ற எண்ணம் இன்று பரவலாக உள்ளது. படத்தின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பின்னத்தைப் பொறுத்தவரை சொல்லும் ஒரு காட்சிப் பொருளே என்பதற்குத் தமிழ்ப் பிள்ளைகள் கணக்குக் கற்ற வரலாறு சான்றாக நிற்கின்றது. அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் 'பின்னம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். உடைந்தது, சிதைந்தது என்பது அதன் பொருள். மூக்கு உடைந்த சிலையைப் பின்னமான சிலை என்கின்றோம். வடமொழி வழியாக வந்த இச்சொல், முழுமை கெட்டது என்ற நினைவையே தருகின்றது. பழைய தமிழ்க் கணக்கர் வழங்கிய பெயரோ வேறு. ஒன்றும் அதற்கு மேற்பட்டனவும் மேல்வாய் இலக்கம். ஒன்றுக்குக் கீழ்ப்பட்டன கீழ்வாய் இலக்கம். இப்பெயரில் உடைவு இல்லை. எண்களின் ஏணியில் சில படிகள் மேலே, சில படிகள் கீழே, அவ்வளவே. பின்னமும் ஓர் எண்தான் என்பதைப் பிள்ளைக்கு உணர்த்த இன்றைய கணிதக் கல்வியாளர்கள் எண்கோட்டை வரைந்து பெரிதும் முயல்கின்றனர். பழைய பெயர் அதனைச் சொல்லளவிலேயே செய்துவிட்டது.

கீழ்வாய் இலக்கத்தின் அடிப்படை அலகு முந்திரி. அது ஒன்றில் 320இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி சேர்ந்தால் அரைக்காணி (1/160). நான்கு சேர்ந்தால் காணி (1/80). எட்டு முந்திரி அரைமா (1/40), பன்னிரண்டு முக்காணி (3/80), பதினாறு ஒரு மா (1/20). இருபது முந்திரி மாகாணி. இதற்கு வீசம் என்றும் பெயர் (1/16). பின்னர் இருமா (1/10), அரைக்கால் (1/8), மும்மா (3/20), மும்மாகாணி (3/16), நாலுமா (1/5), கால், அரை, முக்கால் என ஏணி ஒன்றை நோக்கி ஏறுகின்றது. முந்திரிக்கும் கீழே செல்ல வேண்டுமானால் முந்திரியையே ஒன்றாகக் கொண்டு, 'கீழ்' என்னும் அடைமொழி சேர்த்துக் கீழ்முந்திரி, கீழ்க்காணி, கீழரை எனத் தொடர்வர். கீழரை என்பது முந்திரியில் அரை, அதாவது 1/640.

மனப்பாடப் பட்டியல் என்று இதனைத் தள்ளிவிடல் எளிது. பெயர்களை ஒருமுறை உற்று நோக்கினால் அங்ஙனம் தள்ளத் தோன்றாது. அரைக்கால் என்பது காலில் அரை. மாகாணி என்பது ஒரு மாவும் ஒரு காணியும் கூடியது. 1/20 உடன் 1/80 கூடினால் 1/16 என்ற கூட்டல் அப்பெயருக்குள்ளேயே இருக்கின்றது. மும்மாகாணியும் அவ்வாறே: மூன்று மாவும் மூன்று காணியும் கூடி 3/16. பகுதிகள் வேறுபட்ட பின்னங்களைக் கூட்டுவது இன்று நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் மாணவரைத் திணறச் செய்யும் பாடம். அக்காலப் பிள்ளை அதன் விடைகள் சிலவற்றைப் பெயராகவே வாயில் வைத்திருந்தது.

1/8 பெரிதா, 1/4 பெரிதா என்று இன்றைய பிள்ளையைக் கேட்டால், எட்டு நான்கைவிடப் பெரிது. ஆதலால் 1/8 பெரிது என விடையிறுப்பதுண்டு. உலகெங்கும் ஆசிரியர் காணும் பிழை இது. முழு எண்ணில் கற்ற வழக்கத்தைப் பிள்ளை பின்னத்துக்கும் கொண்டுவருகின்றது. அரைக்கால் பெரிதா, கால் பெரிதா என்று கேட்டுப் பாருங்கள். காலை அறிந்த பிள்ளை அரைக்காலை அறியாதிருக்க இயலாது. வினா ஒன்றுதான், சொல் மாறியபோது பிழைக்கு இடமில்லாமற் போகின்றது.

இப்பெயர்கள் ஓலையில் மட்டும் வாழ்ந்தவை அல்ல. நெல் அளக்கும் கலங்கள் அவற்றுக்கு உடலாக இருந்தன. ஒரு நாழியில் பாதி உரி; உரியில் பாதி உழக்கு; உழக்கில் பாதி ஆழாக்கு. எனவே நாழியை ஒன்றாகக் கொண்டால் உரி அரை, உழக்கு கால், ஆழாக்கு அரைக்கால். வீட்டு அடுக்களையிலும் களத்து மேட்டிலும் பிள்ளை நாள்தோறும் கண்ட நான்கு பாத்திரங்கள் இவை. இரண்டு ஆழாக்கு அரிசியைக் கொட்டினால் ஓர் உழக்கு நிறைவதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு, இரண்டு அரைக்கால் ஒரு கால் என்பதை எவரும் நிறுவிக்காட்ட வேண்டியதில்லை. ஆழாக்குக்குக் கீழே ஐந்து செவிடு. ஒரு செவிடு 360 நெல். நெல்லிலக்கம் என்னும் வாய்பாடு இவ்வளவைகளை அடுக்கிச் சொன்னது. ஒரு நாழிக்கு 14,400 நெல் என்பது அதில் வரும் கணக்கு. பொன்னிலக்கம், எண்சுவடி, நிலப்பரப்பைக் கணிக்கும் குழிமாற்று ஆகியன அதனுடன் திண்ணைப் பள்ளிகளில் ஓதப்பட்டன.

திண்ணைப் பள்ளி என்றவுடன் பிரம்பும் மனப்பாடமும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. பிரம்பு இருந்தது உண்மை; அதற்காக நாம் வாதாட வரவில்லை. மனப்பாடத்தைப் பற்றி மட்டும் ஒன்று கூற வேண்டும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு, திண்ணைப் பள்ளிக் கணிதத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து 2022இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அப்பள்ளிகளில் நினைவு என்பது பொருளறியாத ஒப்பித்தல் அன்று. கணக்கிடுவதற்கான கருவியாகவே அது பயின்றது என்பது அவர் காட்டும் முடிவு. மணலில் விரலால் எழுதி, வாயால் உரக்கச் சொல்லி, கேட்டுத் திருத்திக் கற்றது அம்முறை. 1789 முதல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதையும் மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிப்பதையும் வியந்து, அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். 'மதராஸ் முறை' என்றே அது அங்கு வழங்கியது. கொண்டு சென்றவருக்குப் புகழ் கிடைத்தது. திண்ணைக்குப் பழி மட்டுமே மிஞ்சியது.

கீழ்வாய் இலக்கத்தின் ஆழத்தைக் காட்ட இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளை எடுத்துக்காட்டுவது வழக்கம். வரிக்குரிய நிலம், ஒரு வேலியில் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை கணக்கிடப்பட்டது எனச் சோழர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். மேடைகளில் இவ்வெண்ணைச் சொன்னால் கைதட்டல் எழும். ஆனால் வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர். அதில் இப்பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவே வரும். எந்தக் கயிற்றாலும் எந்தக் கோலாலும் அதனை அளந்திருக்க இயலாது. அது நிலத்தில் அளந்த அளவு அன்று, ஓலையில் வகுத்துக் கண்ட ஈவு. 320ஐ நான்கு முறை பெருக்கி, மேலும் ஐந்தால் பெருக்கினால் அவ்வெண் வரும். முந்திரிக்குக் கீழே முந்திரி என நான்கு படி இறங்கி நின்ற கணக்கு அது. நம் முன்னோர் நுண்ணளவைக் கருவி வைத்திருந்தனர் என்று பெருமை கொள்வதைவிட, படி தவறாமல் இறங்கக்கூடிய ஒரு கணக்கு முறையைச் சாதாரணக் கணக்கன் கையாண்டான் என்று அறிவதே பொருத்தம்.

கணக்கர் மட்டுமன்றிப் புலவரும் இப்பெயர்களை அறிந்திருந்தனர். கச்சி ஏகம்பரைப் பாடிய வெண்பா ஒன்றில் காளமேகப் புலவர் முக்காலிலிருந்து கீழரை வரை பின்னப் பெயர்களை இறங்குவரிசையில் சிலேடையாக அமைத்துள்ளார். கேட்போர் அனைவரும் எண்சுவடி பயின்றிருந்தாலன்றி அச்சிலேடை சுவைபட்டிராது. இன்று அவ்வெண்பாவை வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர், பெயர்களுக்கு அடிக்குறிப்புத் தர வேண்டியுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வொழுங்கு தளர்ந்தது. அரசுக் கல்வித்துறையின் ஆய்வுக்குட்பட்ட பள்ளிகளும் அச்சிட்ட பாடநூல்களும் பரவின. மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவே ஒரு கோடு என்னும் எழுத்து முறை நிலைபெற்றது. இதனை அயல்நாட்டார் முறை என்று ஒதுக்குவதும் பொருந்தாது. ஓர் எண்ணின் கீழ் மற்றோர் எண்ணை எழுதிப் பின்னம் குறிப்பது பிரமகுப்தர் முதலான இந்தியக் கணித அறிஞர் வழக்கமே. அரபு உலகின் மேற்குப் பகுதிக் கணிதர் பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் இடையே கோட்டைச் சேர்த்தனர். 1202இல் பிபொனாச்சி எழுதிய நூல் அதனை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தது. உலகைச் சுற்றி அது மீண்டும் நம் வகுப்பறைக்கு வந்தபோது, அதற்குத் தொகுதி, பகுதி என்னும் தமிழ்ப் பெயர்கள் அமைந்தன. எந்தப் பின்னத்தையும் எழுத வல்லது அம்முறை. அதன் பேராற்றல் அது. இழந்தது ஒன்றே. 3/16 என்று எழுதும்போது அதன் அளவு கண்முன் வருவதில்லை.

இத்தகைய மாற்றத்தின் நடுவில்தான் மலாயாத் தோட்டப் பள்ளிகள் தோன்றின. 1909இல் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை முற்றுப்பெற்றது. அதனை ஒட்டிச் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மரோ அதற்கு மேலோ உள்ள தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. ஜொகூர் அக்கூட்டில் சேராத மாநிலம். எனினும் இங்கும் தோட்டந்தோறும் சிறு பள்ளிகள் எழுந்தன. கிராணியோ, கங்காணியோ, எழுத்தறிந்த தொழிலாளியோ பல இடங்களில் ஆசிரியரானார். பாடநூல்கள் கப்பலில் சென்னையிலிருந்து வந்தன.

அப்பள்ளிப் பிள்ளை எதிர்கொண்ட அளவைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழகப் பாடநூலில் ரூபாய், அணா, பை. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. தோட்டத்துக் கடையில் வெள்ளியும் காசும். ஒரு வெள்ளிக்கு நூறு காசு. மீனும் வெங்காயமும் காத்தி கணக்கு. ஒரு காத்திக்குப் பதினாறு தாகில், நூறு காத்திக்கு ஒரு பிக்கல். அரிசி அளக்கக் கந்தாங். ஒரு கந்தாங்குக்கு நான்கு சுப்பாக். பலகையும் துணியும் அடி, அங்குலம். ஓரடிக்குப் பன்னிரண்டு அங்குலம். பதினாறு, நூறு, நான்கு, பன்னிரண்டு என நான்கு வகைப் பகுப்பு ஒரே சிறுவன் தலையில் ஏறியது. பதினாறாகப் பகுத்த காத்தியும் அணாவும் வீசத்துக்கு இடமளித்தன. தமிழகத்தில் ஓரணாவை ஒரு வீசம் ரூபாய் எனக் கருதிய வழக்கம் இதனால்தான். நூறாகப் பகுத்த வெள்ளியில் வீசத்துக்கு இடமில்லை. ஒரு வீசம் வெள்ளி ஆறேகால் காசு. ஐந்து காசு சரியாக ஒரு மா. ஆனால் அப்பெயரால் அதனை எவரும் அழைக்கவில்லை.

இது வெறும் பாடச் சிக்கல் அன்று. பால் வெட்டுத் தொழிலாளியின் பால் நிறுக்கப்பட்டது; அதிலுள்ள இரப்பர்ச் சத்து தனியே கணிக்கப்பட்டது. எழுதுகோல் கணக்குப்பிள்ளையிடம் இருந்தது. அரைக் காத்தி குறைந்ததா, கால் காத்தி குறைந்ததா என்று மனத்தால் சரிபார்க்க வல்லவர் வீட்டில் ஒருவரேனும் இருந்தால் அவ்வீட்டுக்கு அது ஒரு காப்பு. தோட்டப் பள்ளியின் கல்வித் தரத்தைப் பற்றிய குறைகள் பல எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நியாயமானவை. ஆயினும் அரை, கால், முக்கால், அரைக்கால், வீசம் என்ற ஐந்து சொற்களைப் பழைய ஏணியிலிருந்து காப்பாற்றிக் கொடுத்தவை அப்பள்ளிகளும் அவ்வீடுகளுமே. 'ஒன்றரை', 'இரண்டேகால்', 'மூன்றேமுக்கால்' என்று இன்றும் நம் பிள்ளைகள் இயல்பாகப் பேசுகின்றனர். கலப்புப் பின்னம் என்று பாடநூல் பெயரிடும் முன்பே அதனை அவர்கள் ஆள்கின்றனர்.

இனிப் படங்களுக்கு வருவோம். பகுக்கப்பட்ட பொருளைக் கையில் கொடுத்துக் கற்பிப்பது ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முறைப்படுத்தப்பட்டது. எட்டுச் சிறு கனங்களாகப் பிரியும் ஒரு மரக் கனத்தைப் பிரோபல் குழந்தைகளுக்குத் தந்தார். வட்டத்தைச் சம கூறுகளாக வெட்டிய உலோகத் தகடுகள் மாண்டிசோரி முறையில் இடம்பெற்றன. அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். 1950களில் பெல்ஜிய ஆசிரியர் குயிசினேரின் வண்ணக் கோல்கள் உலகம் சுற்றின. நமக்கு மிக அருகில் ஒன்று நிகழ்ந்தது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு, 1980களின் தொடக்கத்தில், நீண்ட பட்டை வரைந்து கணக்கைக் காட்டும் முறையைத் தொடக்கப்பள்ளிகளில் புகுத்தியது. பொருள், படம், குறியீடு என்ற வரிசையில் கற்பிக்கும் அம்முறையை இன்று அமெரிக்காவும் இங்கிலாந்தும் ஆர்வத்தோடு பின்பற்றுகின்றன. ஜொகூர் வகுப்பறைகளிலும் பட்டைப் படம் இன்று பழகிய காட்சி.

வட்டமா பட்டையா என்பதில் நாம் பட்டையின் பக்கம். வட்டத்தை இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் மடிக்கலாம். ஐந்தாகப் பகுக்கப் பெரியவர்க்கும் கை கூடாது. ரொட்டி சானாயையும் பிறந்தநாள் கேக்கையும் மட்டுமே கண்டு பழகிய பிள்ளைக்கு 5/4 என்பது பொருளற்றது; ஒரு கேக்கில் ஐந்து கால் எப்படி வரும் என்று அது கேட்பது முறையே. பட்டையோ அடுத்த பட்டைக்கு நீளும். தகா பின்னமும் கலப்புப் பின்னமும் ஒன்றே என்பது அங்கே தெரியும்.

எனினும் படத்தால் மட்டும் தீராத ஒன்று உண்டு. 'பாதி' என்ற சொல்லை வீட்டில் எப்படி வழங்குகின்றோம் என்று கவனியுங்கள். 'எனக்குப் பெரிய பாதி வேண்டும்' என்று தம்பி அடம்பிடிப்பான். அது தவறான தமிழும் அன்று. ஆனால் 'பெரிய அரை' என்று எவரும் கூறுவதில்லை. பாதி என்பது பங்கைக் குறிப்பது. அரை என்பது எண். பின்னத்தின் உயிர்நிலையான சமபங்கு என்னும் கருத்து 'அரை'க்குள் உள்ளது, 'பாதி'க்குள் கட்டாயமாக இல்லை. முதலாம் ஆண்டு வகுப்பில் காகிதத்தைக் கோணலாகக் கிழித்துக் காட்டி, 'இது பாதியா, அரையா' என்று கேட்கும் ஆசிரியர் ஒரு முழுப் பாடத்தை ஒரு வினாவில் நடத்தி முடிக்கின்றார்.

சொல்லும் வரிசையும் இவ்வாறே கருதத்தக்கது. 3/4 என்பதைத் தமிழில் 'நான்கில் மூன்று' என்கின்றோம். முதலில் முழுமை நான்காகப் பகுக்கப்படுகின்றது. பின்னர் மூன்று எடுக்கப்படுகின்றது. காகிதத்தை மடிக்கும் கை செய்வதும் இதே வரிசையில்தான். சீனமும் கொரிய மொழியும் இவ்வாறே பகுதியை முன்வைப்பன. ஆங்கிலமும் மலாயும் தொகுதியை முன்வைப்பன. மலாயில் 'தீகா பெர் எம்பாட்'. இவ்வேறுபாட்டுக்குப் பயன் உண்டா என்று ஆராய்ந்தவர்கள் உளர். ஐரீன் மியூரா குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் பின்னம் கற்கும் முன்பே கொரியப் பிள்ளைகள், பின்னத்துக்குரிய படத்தை அமெரிக்க, குரோஷியப் பிள்ளைகளைவிட நன்கு தேர்ந்தெடுத்தனர். மொழியமைப்பே காரணம் என்றனர் அவர்கள். 2003இல் வெளியான மற்றோர் ஆய்வு அதனை மறுபரிசீலனை செய்தது. கொரிய மொழியின் போக்கில், 'நான்கு பங்கில் ஒன்று' என்பது போன்ற தொடரை ஆங்கிலத்திலேயே சொல்லிக் கேட்டபோது அமெரிக்கப் பிள்ளைகளும் மேம்பட்டனர். இரண்டு ஆய்வையும் சேர்த்துப் படித்தால், இனத்துக்கோ நாட்டுக்கோ இதில் பெருமை இல்லை. பகுத்தலை முதலில் சொல்லும் தொடர் பிள்ளைக்கு உதவுகின்றது; அத்தொடர் தமிழில் முன்னரே இருக்கின்றது.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. 'நான்கில் மூன்று' என்று கேட்ட பிள்ளை, கேட்ட வரிசையிலேயே மேலிருந்து எழுதி 4/3 என்று முடித்துவிடக்கூடும். முதலில் கோட்டை இட்டு, 'நான்கில்' என்னும்போது கோட்டின் கீழே நான்கையும், 'மூன்று' என்னும்போது மேலே மூன்றையும் எழுதப் பழக்கினால் இச்சிக்கல் எழாது. எழுதும் கையும் சொல்லும் வாயும் மடிக்கும் காகிதமும் ஒரே திசையில் செல்லும்.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் திட்டம் நாடெங்கும் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. அதனைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. அதன் அரசியலை இங்கு நாம் பேசவில்லை. வீட்டில் 'முக்கால் மணி', 'அரைக் கிலோ', 'கால் மணி நேரம்' என்று எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, வகுப்பறையில் அவ்வறிவு கணக்கில் சேர்க்கப்படாமற் போயிற்று என்பதை மட்டும் வரலாற்றுச் செய்தியாகப் பதிய வேண்டும். ஆங்கிலம் கற்றதால் அவர்கள் பெற்ற நன்மையும் உண்டு. ஆயினும் ஏழு வயதுப் பிள்ளை ஏற்கனவே கையில் வைத்திருந்த எண்களை வாசலில் இறக்கி வைக்கச் சொன்னதற்கு ஈடாக எது கிடைத்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மலாய்க்குச் செல்லும் பாலமோ நாம் நினைப்பதைவிட அருகில் உள்ளது. மலாயில் கால் பங்குக்குச் 'சூக்கு' என்று பெயர். முக்கால் 'தீகா சூக்கு', மூன்று கால். ஜாவானிய மொழியில் சூக்கு என்பது பாதம், கால் என்னும் உறுப்பு. தமிழிலும் 'கால்' அவ்வுறுப்பே. வடமொழிப் 'பாதம்' என்பதற்கும் இவ்விரு பொருளும் உண்டு. நாற்கால் விலங்கின் ஒரு கால் அதன் நான்கில் ஒன்று என்ற எண்ணம் மூன்று மொழிகளிலும் ஒரே தடத்தில் நடந்திருக்கின்றது. மூவாரிலும் பத்து பகாட்டிலும் ஜாவானிய மரபினர் பலர் வாழும் நம் மாநிலத்தில், ஆசிரியர் ஒருவர் ஒரு பசுவின் படத்தை வரைந்து இதனைச் சொல்லலாம்.

வகுப்பறைக்கு ஏற்ற படம் ஒன்றை இனி வரைந்து காட்டுகின்றோம். இப்படம் சுவடிகளில் இருந்ததென்று நாம் கூற வரவில்லை. பழைய எண்களைக் கொண்டு நாமே அமைத்துக்கொண்டது. கட்டம் போட்ட கணிதப் பயிற்சி ஏட்டில் குறுக்கே 20 கட்டமும் நெடுக்கே 16 கட்டமும் கொண்ட ஒரு செவ்வகம் வரையச் சொல்லுங்கள். மொத்தம் 320 கட்டம். முழுச் செவ்வகம் ஒன்று. ஒரு சிறு கட்டம் முந்திரி. நெடுக்கே ஒரு நிரலை வண்ணமிட்டால் 16 கட்டம். அது ஒரு மா. குறுக்கே ஒரு வரிசையை வண்ணமிட்டால் 20 கட்டம், அது மாகாணி. மாவுக்கும் மாகாணிக்கும் உள்ள வேறுபாடு நான்கு கட்டம்; அதுவே காணி. மாவோடு காணி சேர்ந்தால் மாகாணி என்பதைப் பிள்ளை தன் வண்ணக்கோலால் கண்டுகொள்ளும். இரண்டு வரிசை அரைக்கால். நான்கு வரிசை கால். ஐந்து நிரலும் காலே. நான்கு நிரல் நாலுமா, அதாவது ஐந்தில் ஒன்று. எகிப்தியரின் பழைய கணக்கேட்டில் பத்துப் பேருக்கு ஏழு ரொட்டியைப் பகிரும் கணக்கு ஒன்று உண்டு; அதனை இக்கட்டத்தில் செய்யச் சொன்னால், ஒருவர் பங்கு அரையும் நாலுமாவும் என்று கட்டத்தை எண்ணியே சொல்லிவிடலாம்.

இப்பெயர்களையெல்லாம் மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது நம் கருத்தன்று. தேர்வில் எவரும் முக்காணியைக் கேட்கப்போவதில்லை. அக்குறியீடுகளைக் கணினியில் எழுத விரும்புவோர்க்கு 2019இல் யூனிகோடு 51 குறிகள் கொண்ட தமிழ்த் துணைத் தொகுதியைச் சேர்த்தது. அதன் முதற் குறி முந்திரி. வகுப்பறைக்கு வேண்டுவன கால், அரை, முக்கால், அரைக்கால், வீசம் என்னும் வாழும் சொற்களும், மற்றவற்றுக்கு 'இத்தனையில் இத்தனை' என்னும் தொடருமே.

இத்தொடர் ஏன் வேண்டும் என்பதை அதே செவ்வகம் காட்டும். மூவர்க்குச் சமமாகப் பகிரச் சொல்லுங்கள். ஒருவர்க்கு 106 கட்டம்; இரண்டு கட்டம் மிஞ்சும். அவ்விரண்டையும் கீழ்முந்திரிகளாக உடைத்தால் 640. ஒருவர்க்கு 213, ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றை மீண்டும் 320 ஆக்கினால் 106 போக இரண்டு மிஞ்சும். எத்தனை படி கீழே இறங்கினாலும் ஒன்றோ இரண்டோ கையில் நிற்கும். இரண்டையும் ஐந்தையும் மட்டும் கொண்டு கட்டிய ஏணியில் மூன்றுக்குப் படி இல்லை. தஞ்சைக் கணக்கனும் ஓரிடத்தில் நிறுத்தி, மிஞ்சியதை விட்டிருக்க வேண்டும். இதனைத் தம் கையால் கண்ட மாணவரிடம் ஒரு நீள்காகிதப் பட்டையைக் கொடுத்து மூன்றாக மடிக்கச் சொல்லி, கோடிட்டு, கீழே மூன்றும் மேலே ஒன்றும் எழுதச் சொல்லலாம். 'மூன்றில் ஒன்று' என்ற தொடர் அப்போது அவர்களுக்குத் தேவைப்படும்.